இசைக் கல்லூரிக் குரல் தேர்வுக்கு என்ன தயார் செய்ய வேண்டும்? எந்தப் பாட்டைப் பாடினால் இடம் கிடைக்கும்?

கேள்வி கேட்டவர் தந்துள்ள விவரம்: மகள் 12ஆம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். ஆறு ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்கிறாள். வர்ணங்கள் (கீர்த்தனைக்கு முன் கற்கும் பயிற்சிப் பாட்டுகள்) முடித்துச் சில கீர்த்தனைகள் பாடுவாள். கர்நாடக வாய்ப்பாட்டில் பட்டப்படிப்பு சேர விரும்புகிறாள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது.

எந்தப் பாட்டு என்று நீங்கள் கேட்டிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். பதினெட்டு வயதில் நானும் அதையே கேட்டேன். அதற்குத் தவறான விடையைத் தேர்ந்துகொண்டதால் ஓர் ஆண்டை இழந்தேன்.

அப்போது எனக்குச் சுத்தமாகப் பாட வந்தவை மோகனத்தில் 'நின்னுக்கோரி', ஆபோகியில் 'எவரி போதன', கல்யாணியில் 'வனஜாக்ஷி' ஆகிய ஆதி தாள வர்ணங்கள். எல்லாப் பிள்ளைகளும் பாடுவதையே பாடினால் தேர்வாளர்கள் எப்படிக் கவனிப்பார்கள் என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். ஆகவே தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் பைரவி ராக அட தாள வர்ணமான 'விரிபோணி'யைப் பாடம் செய்யத் தொடங்கினேன். ஐந்து அட்சர (எண்ணிக்கை) லகு, அதாவது ஒரு தட்டும் விரல் எண்ணிக்கையும், இரண்டும், தட்டும் வீச்சுமான திருதம் இரண்டுமாக 14 அட்சரம் கொண்ட அந்தத் தாளம் கைக்குப் பழகவே மூன்று வாரம் போயிற்று. தேர்வு அறையில் மின்தம்பூரா முந்தைய மாணவிக்கு வைத்த ஆறு கட்டையிலேயே (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) ஒலித்துக்கொண்டிருந்தது. என் சுருதி ஐந்து கட்டை. மாற்றித் தரும்படி கேட்க வாய் வராமல் அதிலேயே ஆரம்பித்துவிட்டேன். மேல்ஸ்தாயிப் பிடிகள் (உயரத்தில் வரும் ஸ்வரத் தொடர்கள்) வந்ததும் தொண்டை இறுகியது. வர்ணத்தின் முற்பாதியில் வரும் முக்தாயி ஸ்வரத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், பாடச் சொன்னபோது இரண்டாவது லகுவில் விரல் எண்ணிக்கை தப்பியது. பைரவியில் ஏறும்போது சதுச்ருதி தைவதமும் (உயர்ந்த 'த') இறங்கும்போது சுத்த தைவதமும் (தாழ்ந்த 'த') வர வேண்டும். நான் இறங்கும்போதும் சதுச்ருதியையே பிடித்தேன். "ஏம்மா, இறங்கும்போது எந்தத் தைவதம்?" என்று ஒருவர் அன்பாகவே கேட்டார். சரியாகச் சொன்னேன். "சொல்லத் தெரிகிறதே, பாடிக் காட்டு" என்றார். மூன்று முறை முயன்றும் வரவில்லை.

மறு ஆண்டு அதே அறையில் ஐந்து கட்டையில் 'நின்னுக்கோரி'யை இரண்டு காலத்திலும் பாடினேன், சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் அங்கே எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியை, மூன்று ஆண்டு கற்றுக்கொடுத்தால் ஏறுகிற குரலா, காதா என்பதைத்தான் அந்தப் பத்து நிமிடத்தில் கேட்கிறோம் என்று விளக்கினார். அதற்குப் பிறகு என்னிடம் பயின்ற பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பும்போதெல்லாம் இந்த ஒரே அளவுகோலைக் கொண்டே பாட்டைத் தேர்ந்தெடுக்கிறேன்: தூக்கத்தில் எழுப்பிப் பாடச் சொன்னாலும் சுருதியும் தாளமும் தவறாமல் வருகிற பாட்டு எதுவோ, அதுவே தேர்வுக்கு உரிய பாட்டு.

தமிழ்நாட்டில் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சென்னையில் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவும் உள்ளன. வயது வரம்பு, கல்வித் தகுதி, தேர்வு முறை ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைக் கல்லூரி 1949இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வராக இருந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். கச்சேரி மேடையில் பாடியவர்களே வகுப்பிலும் அமர்ந்து கற்பிக்கும் மரபு அங்கே அப்படித் தொடங்கியது. எனவே எதிரில் இருப்பவர்கள் கடினமான உருப்படியின் (பாட்டின்) பெயரைக் கேட்டு வியக்கப்போவதில்லை. முதல் ஸட்ஜம் தம்பூராவோடு சேர்கிறதா என்பதை ஐந்து நொடியில் அறிந்துவிடுவார்கள்.

இரண்டு மாதத்தில் முதல் இரண்டு வாரத்தைச் சுருதிக்கே கொடுங்கள். உங்கள் மகளின் கட்டை எது என்பதை அவளுடைய ஆசிரியரோடு சேர்ந்து மறுபடி உறுதி செய்யுங்கள். பல வகுப்புகளில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுருதி வைத்திருப்பார்கள். அது ஒவ்வொருவருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கீழே மந்தர பஞ்சமம் காற்றாகக் கரையாமலும், மேலே தாரஸ்தாயி மத்திமம் கத்தலாக மாறாமலும் வருகிற இடமே அவளுக்கு உரியது. பெரும்பாலான பெண் குரல்களுக்கு அது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே எங்கோ அமையும். காலையில் அரை மணி நேரம் தம்பூராவோடு ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் ஆகிய மூன்றை மட்டும் 'ஆ' என்னும் அகாரத்தில் நீட்டிப் பாடட்டும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, இரவில் கேட்கச் சொல்லுங்கள். பாடும்போது சேர்ந்ததாகத் தோன்றியது கேட்கும்போது சற்றே இறங்கி நிற்பது தெரியவரும். அந்த ஏமாற்றம் அவசியமானது. என் மாணவி ஒருத்தி பத்து நாள் இப்படிக் கேட்டபின், மூச்சு முடியும் இடத்தில்தான் தன் பஞ்சமம் தளர்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னாள். அதை நான் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகனைத் தேர்வுக்கு அனுப்பும் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன்களை, பழைய கட்டையிலேயே பாடும்படி வற்புறுத்தாதீர்கள். ஐந்து கட்டையில் பாடிய பையன் ஒன்று அல்லது ஒன்றரைக்கு இறங்க வேண்டியிருக்கலாம். குரல் அங்கே நிலைகொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும். அது முடியுமுன் தேர்வு வந்தால் எளிய உருப்படிகளை நடு ஸ்தாயியில் பாடுவதே நல்லது.

தாளத்துக்கு வருவோம். வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடச் சொல்வது வழக்கம். பல பிள்ளைகள் இரண்டாம் காலம் வந்ததும் கையையும் சேர்த்து விரைவாக்கிவிடுகிறார்கள். கையின் வேகம் மாறக் கூடாது. முதல் காலத்தில் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) எடுத்த வரி இரண்டாம் காலத்தில் ஒரே ஆவர்த்தனத்தில் அடங்க வேண்டும். இதற்கு நான் கையாளும் வழி இதுதான்: பிள்ளை பாட, வேறொருவர் தாளம் போட வேண்டும், அடுத்த நாள் பிள்ளை தாளம் மட்டும் போட, வேறொருவர் பாட வேண்டும். வீட்டில் பாடத் தெரிந்தவர் இல்லையென்றால் அவளுடைய பதிவையே ஒலிக்கவிட்டு அவளைத் தாளம் போடச் சொல்லுங்கள். அலங்காரங்களையும் (தாளங்களில் அமைந்த ஸ்வரப் பயிற்சிகள்) தூசு தட்டி எடுக்க வேண்டும். மாயாமாளவகௌளையில் மட்டும் பாடிப் பழகிய துருவ தாள அலங்காரத்தைக் கல்யாணியிலோ சங்கராபரணத்திலோ பாடு என்று கேட்டால் திகைக்கக் கூடாது.

காதைச் சோதிப்பதற்கு, தேர்வாளர் ஒரு பிடியை அகாரத்தில் பாடி அதைத் திருப்பிப் பாடச் சொல்வார்; சில சமயம் ஸ்வரமாகச் சொல்லச் சொல்வார். இதை வகுப்பில் யாரும் தனியாகப் பழக்குவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். ஆசிரியரோ கூடப் படிக்கும் தோழியோ மோகனத்தில் நாலு ஸ்வரப் பிடி ஒன்றைப் பாட, அவள் திருப்பட்டும். அது படிந்ததும் நெருங்கிய ராகங்களை எதிரெதிரே வைத்துக் கேட்கட்டும். மோகனத்தில் தைவதம் நிற்கும் இடத்தில் ஹம்ஸத்வனியில் நிஷாதம் நிற்கும். சங்கராபரணத்தையும் கல்யாணியையும் மத்திமம் ஒன்றே பிரிக்கிறது. பெயரை மனப்பாடம் செய்வதைவிட அந்த ஒரு ஸ்வரம் மாறும்போது காதில் என்ன நடக்கிறது என்று கவனிக்கப் பழக வேண்டும். ராகத்தைச் சொல் இல்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனையைக் கேட்டால் மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். தெரிந்த வர்ணத்தின் ராகத்திலேயே, வர்ணத்தில் உள்ள பிடிகளை வைத்தே பாடினால் தடுமாற்றம் இராது.

கீர்த்தனையில் நான் அதிகம் திருத்துவது உச்சரிப்பு. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து என்பதால் பாட்டுப் புத்தகங்களில் எழுத்தின் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் நோட்டில் படியெடுக்கும்போது அந்த எண்களை விட்டுவிடுகிறார்கள். பிறகு படித்தபடியே பாடுகிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' எல்லோருக்கும் தெரியும். 'வாதாபி' என்பதைத் தமிழ் வழக்கில் படித்தால் தகரமும் பகரமும் மெலிந்து ஒலிக்கும். வடமொழியில் அவை 'பத்து', 'அப்பா' என்னும் சொற்களில் வரும் வல்லொலிகள். இப்படி ஒவ்வொரு பாட்டிலும் நாலைந்து இடம் இருக்கும். தெலுங்கு தெரிந்த ஒருவரிடம், வடமொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பொருளையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தமிழ்க் கீர்த்தனை ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் ஆபோகிக் கீர்த்தனை 'சபாபதிக்கு வேறு தெய்வம்' நல்ல தேர்வு. ஆனால் வர்ணமும் ஆபோகியாக இருந்தால் வேறு ராகத்தில் பாட்டு எடுங்கள். தமிழ்தானே என்று அலட்சியம் வேண்டாம். ழகரமும் ளகரமும் குழைந்தால் மற்ற மொழிப் பிழையைவிட அது உடனே காதில் குத்தும்.

இனி எழுத்தில் கொடுக்க வேண்டியவை. தெரிந்த உருப்படிகளின் பட்டியலைச் சில இடங்களில் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் ஒரே தாளில் பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்று தயாரித்து வையுங்கள். இதில் என் மாணவன் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். நாற்பது கீர்த்தனை என்று எழுதியிருந்தான். அவற்றில் பதினைந்து, இரண்டு ஆண்டுக்கு முன் ஒருமுறை கற்றுவிட்டு விட்டவை. தேர்வாளர் பட்டியலில் விரலை ஓடவிட்டு முப்பத்தேழாவதில் நிறுத்தி, "இதைப் பாடு தம்பி" என்றார். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் சாகித்யம் (பாட்டின் சொற்கள்) மறந்து நின்றுவிட்டான். அதற்கு முன் அழகாகப் பாடியிருந்த வர்ணத்தின் மதிப்பும் அந்த அறையில் குறைந்துபோயிற்று. எந்த வரியில் விரல் நின்றாலும் பாடக்கூடிய பன்னிரண்டு உருப்படிகள் இருந்தால் பன்னிரண்டையே எழுதுங்கள்.

ஒளிப்பதிவு அனுப்பச் சொன்னால், தம்பூரா கேட்கும்படி, முகமும் தாளம் போடும் கையும் ஒன்றாகத் தெரியும்படி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்ததை அனுப்புங்கள். எதிரொலி சேர்ப்பது, சுருதியைச் செயலியால் திருத்துவது ஆகிய இரண்டும் கூடவே கூடாது. நேரில் பாடும்போது உண்மை தெரிந்துவிடும். மின்விசிறியை அணைத்துவிட்டு, கைப்பேசியை ஐந்தடி தள்ளி நிலையாக வைத்தாலே போதிய தெளிவு கிடைக்கும். சான்றிதழ்களில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் சான்றிதழ்கள் இருந்தால் முதலில் வையுங்கள். பள்ளிப் போட்டிச் சான்றிதழ்களில் இரண்டு மூன்று போதும்.

வாத்தியம் சேர விரும்புவோருக்கு ஒரே ஒரு சொல்: தன் வயலினைத் தானே சுருதி சேர்க்கவும், மிருதங்கத்தில் வாசிக்கும் சொற்கட்டைத் தாளத்தோடு வாயால் சொல்லவும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிப் பத்து நாளில் புதிதாக எதையும் கற்க வேண்டாம். வாரம் இருமுறை, அவளுக்குப் பழக்கமில்லாத இரண்டு மூன்று பேரை நாற்காலியில் அமர்த்தி, அவர்கள் முன் அவளைப் பாடச் செய்யுங்கள். பாட்டு தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு மாமாவும் அத்தையும் போதும். பாதியில் "நிறுத்தும்மா, சரணத்திலிருந்து பாடு" என்று சொல்ல மட்டும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். தம்பூராவை வேண்டுமென்றே வேறு கட்டையில் ஒலிக்கவிட்டுப் பிறகு அவளை அறைக்குள் கூப்பிடுங்கள். "ஐயா, என் சுருதி ஐந்தரைக் கட்டை, மாற்றிக்கொள்ளலாமா?" என்று தயங்காமல் கேட்டு, மாற்றியபின் ஒரு முழு மூச்சு தம்பூராவை மட்டும் கேட்டுவிட்டு, அதன்பிறகு அவள் ஸட்ஜத்தை எடுக்கட்டும்.