க்வென் வெர்டன்: மேடையில் வாழ்ந்தவர், திரையில் தவறியவர் – கேள்வி பதில்

அமெரிக்க இசை நாடக மேடையின் நடனமணியும் நடிகையுமான க்வென் வெர்டன் (1925–2000) குறித்து உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவி): ஐயா, க்வென் வெர்டன் அமெரிக்க மேடை நாடகங்களுக்கான உயரிய விருதான டோனி விருதை நான்கு முறை பெற்றவர் என்று படித்தேன். ஆனால் அவர் முக்கிய வேடத்தில் ஆடி நடித்த இசைப் படங்களைத் தேடினால் ஒன்றுக்கு மேல் கிடைக்கவில்லையே, ஏன்?

பதில்: அவருடைய கலை வாழ்க்கையின் பெரிய இழப்பைத்தான் முதல் கேள்வியாகவே கேட்டுவிட்டீர்கள். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அவர் பெயரை நிலைநாட்டிய இசை நாடகங்கள் ஆறு: கேன்-கேன் (1953), டேம் யாங்கீஸ் (1955), நியூ கேர்ள் இன் டவுன் (1957), ரெட்ஹெட் (1959), ஸ்வீட் சாரிட்டி (1966), சிகாகோ (1975). முதல் நான்குமே அவருக்கு டோனி விருதைப் பெற்றுத் தந்தன. ஆனால் தாம் மேடையில் ஏற்ற வேடத்தைத் திரையிலும் அவரே ஏற்றது 1958இல் வெளியான டேம் யாங்கீஸ் படத்தில் மட்டும்தான். கேன்-கேன் 1960இல் படமானபோது அவருடைய கிளாடீன் வேடம் ஜூலியட் பிரௌஸுக்குப் போயிற்று. ஸ்வீட் சாரிட்டி 1969இல் படமானபோது நாயகி ஷர்லி மெக்லைன். சிகாகோ படமாவதற்குள் அவர் காலமாகிவிட்டார். மற்ற இரண்டும் திரைக்கே வரவில்லை.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று, வணிகக் கணக்கு. பிராட்வேயில் ஒரு நாடகம் ஆண்டுக்கணக்கில் அரங்கு நிறைந்து நடந்தாலும் அதன் நாயகியை நியூயார்க்குக்கு வெளியே முகம் தெரிந்தவர்கள் குறைவு. பெரும் முதலீட்டில் எடுக்கும் படத்துக்கோ சிற்றூர் ரசிகர்களும் அறிந்த பெயர் தேவை என்று தயாரிப்பாளர்கள் கருதினார்கள். மை ஃபேர் லேடி நாடகத்தின் ஜூலி ஆண்ட்ரூஸை விட்டுவிட்டு ஆட்ரி ஹெப்பர்னையும், ஜிப்சி நாடகத்தின் எத்தல் மெர்மனை விட்டுவிட்டு ரோசலிண்ட் ரஸ்ஸலையும் திரைக்கு எடுத்ததும் இதே கணக்கில்தான். ஆனால் மெர்மனின் குரல் இசைத்தட்டில் முழுமையாக நிற்கிறது. நடனமணியை இசைத்தட்டில் பார்க்க முடியாது என்பதால், வெர்டனுக்கு நேர்ந்த நட்டம் மற்ற இருவருக்கும் நேர்ந்ததைவிடப் பெரிது என்றே நான் சொல்வேன்.

கேள்வி (ஈரோடு): குழந்தைப் பருவத்தில் அவரால் நடக்கவே முடியாமல் இருந்தது என்பது உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயால் அவருடைய கால்கள் வளைந்திருந்தன. சிறு வயதில் கனத்த பூட்ஸும் காலை நிமிர்த்தும் பட்டைகளும் அணிந்துதான் நடமாடினார். அவர் பிறந்த கல்வர் சிட்டி, எம்.ஜி.எம். ஸ்டூடியோ இருந்த ஊர். தந்தை அந்த ஸ்டூடியோவில் மின் பணியாளர். தாய் நடனம் கற்றுக்கொடுத்தவர். கால்களுக்கு வலு வரட்டும் என்று தாய் மூன்று வயதிலேயே நடன வகுப்பில் சேர்த்துவிட, ஆறு வயதில் மகள் மேடையேறி, காலணியால் தாளம் தட்டும் டாப் நடனம் ஆடினார். 17 வயதில் திருமணம், ஒரு மகன், சில ஆண்டுகளில் மணமுறிவு. நடனத்தை விட்டு விலகியிருந்தவர் அதன் பிறகே மீண்டும் ஆட வந்தார்.

கேள்வி (தஞ்சாவூர், நாட்டிய ஆசிரியை): ஐயா, வெர்டனின் பழைய பதிவுகளைப் பார்க்கும்போது கழுத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும் அட்டமி போன்ற அசைவும் கண்ணசைவும் நம் பரதநாட்டியத்தை நினைவூட்டுகின்றன. இது என் கற்பனைதானா?

பதில்: கற்பனை இல்லை அம்மா, உங்கள் கண் சரியாகவே பிடித்திருக்கிறது. வெர்டன் மணமுறிவுக்குப் பின் சேர்ந்தது ஜாக் கோல் என்னும் நடன இயக்குநரின் குழுவில். அமெரிக்க ஜாஸ் நாடக நடனத்தின் தந்தை என்று போற்றப்படும் கோல், 1930களில் லா மேரி என்ற அமெரிக்க நடனமணியிடம் பரதநாட்டியம் பயின்றார். லா மேரியோ இந்தியாவுக்கு வந்து இங்குள்ள நடனங்களைக் கற்றுச் சென்றவர். கோல் தாம் கற்ற அசைவுகளை நியூயார்க் இரவு விடுதிகளில் ஸ்விங் என்னும் ஜாஸ் வகை இசைக்கு ஏற்றி ஆடிப் புகழ் பெற்றார். முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிற்பது, உடலின் மற்ற பகுதிகளை அசையாமல் நிறுத்திக் கழுத்தை மட்டும், தோளை மட்டும், விரலை மட்டும் அசைப்பது என்னும் பயிற்சியைத் தம் மாணவர்கள் அனைவருக்கும் கட்டாயமாக்கினார்.

பல ஆண்டுகள் அவருக்கு உதவியாளராக இருந்த வெர்டனின் உடலில் அந்தப் பயிற்சி ஊறிப்போயிற்று. 1950களில் அவர் ஆடியது பரதநாட்டியம் என்று நான் சொல்லவில்லை. அதில் அடவும் இல்லை, அபிநயத்தின் முழு இலக்கணமும் இல்லை. ஆனால் ஓர் உறுப்பைத் தனித்து இயக்கும் கட்டுப்பாடும், கண் போகும் திசையைப் பார்ப்பவரின் கவனமும் தொடர வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு அந்த வழியாகவே வந்தன. இந்தத் தொடர்பை நம்மவர்கள் அதிகம் பேசாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

கோலின் உதவியாளராக ஹாலிவுட்டில் அவர் செய்த வேலையில் பெரும்பகுதி, பிறருக்குக் கற்றுக்கொடுப்பதாகவே இருந்தது. 1953இல் வந்த ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ் படத்துக்காக மர்லின் மன்றோவுக்கும் ஜேன் ரஸ்ஸலுக்கும் நடன அசைவுகளைப் பழக்கியவர்களில் அவரும் ஒருவர். 1951இல் வந்த டேவிட் அண்ட் பத்ஷீபா உள்ளிட்ட சில படங்களில் ஓரிரு நிமிடம் ஆடிவிட்டுப் போகும் நடனமணியாக அவரைக் காணலாம்.

கேள்வி (திருநெல்வேலி): ஒரே இரவில் புகழ் பெற்றார் என்கிறார்களே, அந்த இரவில் என்னதான் நடந்தது?

பதில்: அந்த இரவு 1953 மே 7, இடம் ஷூபர்ட் தியேட்டர், நாடகம், கோல் போர்ட்டர் இசையமைத்த கேன்-கேன். நாயகி வெர்டன் அல்லர், பிரான்சிலிருந்து வந்த லீலோ. வெளியூர் ஒத்திகைக் காட்சிகளின்போதே வெர்டன் கைதட்டலை அள்ளிச் செல்வது தெரிந்து, அவருடைய பகுதி வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது. எஞ்சியவற்றுள் ஒன்று, ஏதேன் தோட்டத்தை வைத்து மைக்கேல் கிட் அமைத்த நடனம். அதில் வெர்டன் ஏவாள். அந்த நடனம் முடிந்ததும் அவர் வழக்கம்போல உடை மாற்ற மாடியறைக்குப் போய்விட்டார். அரங்கிலோ கரவொலி அடங்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். நாடகம் தொடர முடியாமல் நின்றுபோயிற்று. கடைசியில் உடைமாற்றும் கோலத்தில் மேலங்கியைச் சுற்றிக்கொண்டு வந்தே அவர் வணங்க வேண்டியதாயிற்று. தேவைப்பட்டது இரண்டு நடனம்; 28 வயதில், இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட பயிற்சியோடு வந்து அவற்றை ஆடினார். அதனால் 'ஒரே இரவில்' என்பதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை.

கேள்வி (கோவை): டேம் யாங்கீஸ் படத்தை இப்போது பார்க்கத் தகுமா? லோலா பாத்திரத்தில் அப்படி என்ன சிறப்பு?

பதில்: கட்டாயம் பாருங்கள். கதை எளியது: தோற்றுக்கொண்டே இருக்கும் வாஷிங்டன் பேஸ்பால் அணியின் நடுவயது ரசிகர் ஒருவர், யாங்கீஸ் அணியை வீழ்த்துவதற்காகச் சாத்தானிடம் தம் ஆன்மாவை விற்று இளம் ஆட்டக்காரராக மாறுகிறார், அவர் மனம் மாறிவிடாமல் மயக்கி வைக்கச் சாத்தான் அனுப்பும் பெண்தான் லோலா. விளையாட்டு வீரர்கள் உடை மாற்றும் அறையில், பெஞ்சில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் இளைஞனைச் சுற்றி வந்து அவர் பாடி ஆடும் காட்சியைக் கூர்ந்து கவனியுங்கள். தாம் கேட்டதெல்லாம் கிடைத்தே தீரும் என்று பாடிக்கொண்டு, ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைகிறார். அதை வேறு யார் ஆடியிருந்தாலும் வெறும் கவர்ச்சி நடனமாகவே முடிந்திருக்கும். வெர்டனோ மயக்குகிறவளின் நம்பிக்கையையும், அந்த மயக்கு வேலையே சற்று அபத்தமானது என்பதை அறிந்த நகைச்சுவையையும் ஒரே அசைவில் வைக்கிறார். இடுப்பு ஒன்றைச் சொல்லும்போது கண் இன்னொன்றைச் சொல்கிறது. அந்த இளைஞன் மசியவில்லை என்பதை அவர் உணரும் கணம் முகத்தில் தெரிகிறது. குரலும் அவருடையதே. சற்றே கரகரத்து நடுங்கும் அந்தக் குரலைப் பயின்ற பாடகர்கள் குறை சொல்லக்கூடும்; ஆனால் பாத்திரத்துக்கு அதைவிடப் பொருத்தமான குரலை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

மேடையில் அந்த நாடகம் 1,019 முறை நடந்தது. படத்தில் ஒரு மாம்போ நடனத்தில் அவருக்கு இணையாக ஆடுபவர், நடன இயக்குநரும் பின்னாளில் அவருடைய கணவருமான பாப் ஃபாஸியே என்பதையும் கவனிக்கத் தவறாதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வெர்டனை உருவாக்கியவர் ஃபாஸி என்று சொல்வது சரியா?

பதில்: சரியன்று, காலக்கணக்கே அதை மறுக்கிறது. 1955இல் டேம் யாங்கீஸ் ஒத்திகையில் இருவரும் இணைந்து வேலை செய்யத் தொடங்கியபோது வெர்டன் கையில் ஏற்கனவே ஒரு டோனி விருது இருந்தது. உள்ளே மடிந்த முழங்கால், குறுக்கிய தோள், சாய்த்த தொப்பி, ஒற்றை விரலின் அசைவு என்று இன்று ஃபாஸி பாணி எனப்படும் நுணுக்கங்கள் ஃபாஸியின் கற்பனையே. ஆனால் அவ்வளவு சிறிய அசைவும் கடைசி வரிசை வரை சென்று சேர, கோலிடம் பழகிய ஓர் உடல் அவருக்கு வேண்டியிருந்தது. அந்தப் பாணி இருவருடைய கூட்டு உழைப்பு என்பதே என் துணிபு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூ கேர்ள் இன் டவுன் நாடகத்தில் ஃபாஸி அமைத்த விலைமாதர் விடுதி நடனத்தை இயக்குநர் ஜார்ஜ் ஆபட் ஏற்காமல் நீக்கியபோது இருவரும் அதற்காகப் போராடினார்கள். இனி நடனத்தையும் இயக்கத்தையும் தாமே கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஃபாஸி உறுதி கொண்டார். அடுத்து வந்த ரெட்ஹெட் அவர் இயக்கிய முதல் பிராட்வே நாடகம். பெயர் பெற்ற நாயகியாக வெர்டன் துணை நின்றதால்தான் அந்த வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. இருவரும் 1960இல் மணந்தனர். 1963இல் மகள் பிறந்தார். 1971இல் பிரிந்தனர், ஆனால் மணவிலக்குப் பெறவே இல்லை.

கேள்வி (சிங்கப்பூர்): அமெரிக்கப் பாடகி பியான்சேயின் சிங்கிள் லேடீஸ் பாடல் காணொளி வெர்டனின் நடனத்தைத் தழுவியது என்கிறார்களே?

பதில்: ஆம், பியான்சேயே சொன்னதுதான். 1969இல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃபாஸி அமைப்பில் வெர்டனும் இரு பெண்களும் ஆடிய மெக்சிகன் பிரேக்ஃபாஸ்ட் என்ற நடனம் அது. அப்போது அவருக்கு வயது 44.

கேள்வி (மதுரை, நாடகக் கலைஞர்): ஸ்வீட் சாரிட்டி படத்தில் தம் வேடம் வேறொருவருக்குப் போனதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்?

பதில்: மேடையில் 608 முறை நடந்த நாடகம் அது, நாயகி ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் மேடையில் இருந்தாக வேண்டும். அப்படி உழைத்த வேடம் கைவிட்டுப் போன பிறகும், ஃபாஸி இயக்கிய அந்தப் படத்துக்கே சென்று, ஷர்லி மெக்லைனுக்கு நடன அசைவுகளைக் கற்றுக்கொடுத்தார். அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. கோலிடம் உதவியாளராக இருந்த நாளிலிருந்தே, நடனம் சிதையாமல் அடுத்த உடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தம் கடமையாகக் கொண்டவர் அவர். மேடையேறும் நாங்கள் அதை வேறு எதையும்விட மதிக்க வேண்டும்.

கேள்வி (பெங்களூரு): சிகாகோ நாடகம் அவருடைய யோசனையில் பிறந்ததா?

பதில்: ஆம். மொரீன் டாலஸ் வாட்கின்ஸ் 1926இல் எழுதிய நாடகத்தை இசை நாடகமாக்க வேண்டும் என்று வெர்டன் நெடுங்காலம் முயன்றார். வாட்கின்ஸ் உயிரோடிருந்தவரை உரிமை தரவில்லை. அவர் 1969இல் மறைந்த பின்னரே உரிமை கிடைத்தது. 1974 இறுதியில் ஒத்திகை நடந்துகொண்டிருக்கையில் ஃபாஸிக்கு மாரடைப்பு; இதய அறுவை சிகிச்சைக்காக எல்லாம் நின்றது. 1975 ஜூன் 3இல் திரை உயர்ந்தபோது வெர்டனுக்கு 50 வயது. நாயகி ராக்ஸி ஹார்ட் வேடத்தில் அவர், வெல்மா வேடத்தில் சீட்டா ரிவேரா. சில வாரங்களிலேயே தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததால், இடையில் லைசா மின்னெல்லி அந்த வேடத்தை ஏற்று ஆடி நாடகத்தைக் காப்பாற்றினார். மறு ஆண்டு டோனி விழாவில் 11 பரிந்துரைகள் இருந்தும் ஒரு விருதும் வரவில்லை. ஏ கோரஸ் லைன் என்ற மற்றோர் இசை நாடகம் அள்ளிக்கொண்டது. 1996இல் மீண்டும் மேடையேறிய சிகாகோவோ இன்றுவரை ஓடுகிறது. டேம் யாங்கீஸ், நியூ கேர்ள் இன் டவுன், ரெட்ஹெட், சிகாகோ ஆகிய நான்கும் ஒரே அரங்கில் தொடங்கியவை: அன்று 46ஆம் தெரு தியேட்டர், இன்று ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டர்.

கேள்வி (சேலம்): அதன் பிறகு நடிப்பதை நிறுத்திவிட்டாரா?

பதில்: இல்லை. த காட்டன் கிளப் (1984), கக்கூன் (1985), மார்வின்ஸ் ரூம் (1996) முதலிய படங்களில் குணச்சித்திர வேடங்களில் நடித்தார். கக்கூனில் டான் அமீச்சியின் காதலியாக வரும் முதிய பெண்மணி அவரே. 1987இல் வாஷிங்டனில் ஸ்வீட் சாரிட்டி மீண்டும் மேடையேறிய நாளில் ஃபாஸி மாரடைப்பால் இறந்தார், உடனிருந்தவர் வெர்டன். 1999இல் ஃபாஸியின் நடனங்களைத் தொகுத்து வந்த ஃபாஸி என்ற நிகழ்ச்சிக்குக் கலை ஆலோசகராக இருந்து, இளம் நடனக் கலைஞர்களுக்கு அசைவுகளைச் சரிபார்த்துக் கொடுத்தார். 2000 அக்டோபர் 18இல் வெர்மான்ட்டில் மகளின் வீட்டில் காலமானார்.

கேள்வி (புதுச்சேரி): புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: முதலில் டேம் யாங்கீஸ் படம். அடுத்து மெக்சிகன் பிரேக்ஃபாஸ்ட். அதை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டும் பாருங்கள், தோளும் கழுத்தும் தாளத்தை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பிறகு ஸ்வீட் சாரிட்டி, சிகாகோ இரண்டின் மேடைக் குழுவினர் பாடிய இசைத்தட்டுகளைக் கேளுங்கள். 2019இல் வந்த ஃபாஸி/வெர்டன் என்ற தொலைக்காட்சித் தொடரில் அவராக நடித்த மிஷெல் வில்லியம்ஸ் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். நல்ல தொடர்தான், ஆனால் வெர்டனே ஆடிய பதிவுகளைப் பார்த்து முடித்த பிறகு அதற்குப் போங்கள்.