தளபதியின் ட்வீட்டை எப்படிச் செய்தியாக்குவது?

கேள்வி: ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் உலகச் செய்திகள் பார்க்கிறேன். உகாண்டா ராணுவத் தளபதி எக்ஸ் தளத்தில் எதையாவது எழுதினால் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். இதை அந்நாட்டு அரசின் அறிவிப்பு என்று எழுதலாமா, உளறல் என்று விட்டுவிடலாமா? சரிபார்க்க அங்குள்ள எந்தப் பத்திரிகையைப் பார்ப்பது?

பதில்: அறிவிப்பு என்றும் எழுத வேண்டாம், உளறல் என்றும் விட வேண்டாம். ஏன் என்பதற்கு அவருடைய இரண்டு பதிவுகளே போதும்.

நீங்கள் சொல்லும் தளபதி ஜெனரல் முஹூசி கைனெருகாபா, அதிபர் முசெவேனியின் மகன். 2022 அக்டோபரில் தரைப்படைத் தளபதியாக இருந்தபோது, கென்யத் தலைநகர் நைரோபியைப் பிடிக்கத் தனக்கும் தன் படைக்கும் இரண்டு வாரம்கூட ஆகாது என்று எழுதினார். அப்பா கென்யர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மகனின் தரைப்படைப் பதவி போனது. கூடவே முழு ஜெனரலாகப் பதவி உயர்வும் வந்தது! படை எதுவும் நகரவில்லை.

2025 மே மாதத்தில் இன்னொரு பதிவு. எதிர்க்கட்சித் தலைவர் பாபி வைனின் மெய்க்காவலர் சில நாட்களாகக் காணாமல் போயிருந்தார். அவர் என் வீட்டு நிலவறையில் இருக்கிறார் என்று முஹூசி எழுதினார். இதையும் வழக்கமான வீறாப்பு என்று ஒதுக்கியிருந்தால் ஏமாந்திருப்போம். சில நாளில் அந்த மனிதரை மசாக்கா நகர நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர் சித்திரவதை செய்யப்பட்டதாக வழக்கறிஞர்கள் சொன்னார்கள். நீதித்துறை அமைச்சரே கண்டித்தார்.

முதல் பதிவு வேறொரு நாட்டைப் பற்றியது, இரண்டாவது உள்நாட்டு எதிராளியைப் பற்றியது. என் அளவுகோல் இதுதான்: வெளிநாட்டை மிரட்டினால் அதிபர் மாளிகையும் வெளியுறவு அமைச்சகமும் என்ன சொல்கின்றன என்று காத்திருங்கள். உள்நாட்டு ஆள் ஒருவரின் பெயர் வந்தால் உடனே கவனியுங்கள். அவர் எங்கே, குடும்பமும் வழக்கறிஞரும் என்ன சொல்கிறார்கள், மனித உரிமை ஆணையம் ஏதாவது உத்தரவு போட்டதா என்று தேடுங்கள்.

ராணுவம் அரசியலில் 'தலையிடுகிறது' என்று எழுதாதீர்கள். உகாண்டாவில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. முசெவேனி 1986-இல் கெரில்லாப் படையோடு வந்து ஆட்சியைப் பிடித்தவர். நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கென்றே 10 இடங்கள் உண்டு. ராணுவ நீதிமன்றங்கள் பொதுமக்களை விசாரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாதங்களிலேயே, பொதுமக்களை அங்கே விசாரிக்க மறுபடி வழிசெய்யும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது.

சரி, பத்திரிகைகள். 'நியூ விஷன்' அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் நாளிதழ். அரசின் நிலைப்பாடு என்ன என்று அறிய அதைப் படியுங்கள். 'டெய்லி மானிட்டர்' தனியார் பத்திரிகை. ராணுவச் செய்திக்காக அடி வாங்கிய அனுபவம் நிறைய. ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது பற்றிய செய்திக்காக 2002-இல் போலீஸ் புகுந்து சில நாள் மூடியது. 2013 மே மாதம் நடந்தது அதைவிடப் பெரிய விஷயம். உளவுத் துறைகளின் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஜெனரல் செஜூசா எழுதிய ஒரு கடிதத்தை அது வெளியிட்டது. முஹூசியை அப்பாவுக்கு அடுத்து அதிபராக்கும் திட்டம் இருக்கிறது, எதிர்ப்பவர்களைக் கொல்லச் சதி நடக்கிறது, விசாரியுங்கள் என்பது அதன் சாரம். கடிதம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டு போலீஸ் பத்து நாள் அலுவலகத்தை முடக்கியது. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அன்று அரசு மறுத்தது. 2024 மார்ச்சில் முஹூசி பாதுகாப்புப் படைகளின் தலைமைத் தளபதி ஆனார்.

அதற்காக மானிட்டர் எழுதுவதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. ராணுவத்தைப் பற்றி ஒரு செய்தியை அவர்கள் அச்சில் ஏற்றினால், விளைவு தெரிந்தே ஏற்றியிருக்கிறார்கள். அவர்கள் மௌனமாக இருந்தால் 'எதுவும் நடக்கவில்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 பிப்ரவரியில் தலைநகர் கம்பாலாவின் ஐ.நா. மனித உரிமை அலுவலக வாசலில் செய்தி சேகரிக்க நின்றவர்களையே ராணுவ போலீஸ் அடித்துத் துரத்தியது.

எழுதும்போது, 'உகாண்டா அறிவிப்பு' என்று தலைப்பிடாமல் 'முஹூசி எக்ஸில் எழுதினார்' என்று போடுங்கள். பதிவை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீக்கினால் அதுவும் செய்திதான். அப்புறம், அங்கிருந்து உங்களிடம் பேசும் சாதாரண ஆளின் பெயரையும் ஊரையும் போடவே வேண்டாம். தமிழில்தானே எழுதுகிறோம், யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். மொழிபெயர்க்கும் வசதி கம்பாலாவிலும் இருக்கிறது.