பஸ் தரிப்பிடங்களை உடைப்பதைத் தடுப்பது எப்படி?

இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் பக்கம் பஸ் தரிப்பிடங்களின் இருக்கைகளை உடைக்கிறார்கள், சுவரில் கிறுக்குகிறார்கள், கமரா பூட்டினால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கமராவைப் பிறகு பார்க்கலாம். முதலில் தரிப்பிடம் நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

வீடோ கடையோ இல்லாத வெளியில் மூன்று பக்கமும் சுவர் எழுப்பிக் கட்டினால், உள்ளே நடப்பது வீதியால் போகிறவருக்குத் தெரியாது. அதையே தேநீர்க்கடைக்கோ சனசமூக நிலையத்துக்கோ எதிரே, பின்சுவரை இடுப்பளவில் நிறுத்தி, சூரிய மின்விளக்கும் வைத்துக் கட்டினால் ஊர்க் கண்ணே காவல்.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலிருந்த புரூயிட் ஐகோ அடுக்குமாடிகளைக் கவனித்த கட்டடக் கலைஞர் ஒஸ்கார் நியூமன், இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்த வாசல்கள் துப்புரவாக இருந்ததையும், பலர் பகிர்ந்த நடைகூடங்கள் நாசமானதையும் கண்டார். எனவே ஒவ்வொரு தரிப்பிடத்தையும் அருகிலுள்ள பாடசாலை அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொறுப்பில் விடச் சொல்லி பிரதேச சபையிடம் கேளுங்கள். மாணவர்களே வண்ணம் தீட்டட்டும். போரில் எல்லாம் இடிந்து, மீண்டும் கட்டிய மண் இது. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

உடைந்ததை உடனே திருத்துவதும் முக்கியம். நியூயோர்க் சுரங்க ரயிலில் 1984இல் தொடங்கிய திட்டப்படி, துப்புரவாக்கிய பெட்டியில் மீண்டும் கிறுக்கினால் அதை அழிக்கும்வரை ஓடவிடவில்லை. எழுதியவர் தன் பெயரைப் பார்த்து மகிழ வழியில்லை. 1989இல் கடைசிக் கிறுக்கல் பெட்டியும் சேவையிலிருந்து நீங்கியது.

தண்டிக்க 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் இருக்கிறது. பதின்ம வயதினர் என்றால் வழக்குக்கு முன் பெற்றோரை அழைத்து, உடைத்ததை அவர்கள் கையாலேயே திருத்தவையுங்கள்.