‘ஓவர் எக்ஸ்போஸ்’ என்றால் என்ன?
பாசிக்குடா கடற்கரையில் நண்பகலில் எடுத்த படத்தில் மணலும் வானமும் ஒரே வெள்ளையாக வெளிறிக் கிடந்தால் அதுதான் ஓவர் எக்ஸ்போஸ்: கேமராவுக்குள் தேவைக்கு மிஞ்சிய ஒளி போய்விட்டது.

கேமராவுக்குள் படத்தைப் பதியும் பாகமான சென்சாரில் ஒளியை வாங்கும் நுண்ணிய புள்ளிகள் லட்சக்கணக்கில் உள்ளன. முற்றத்தில் மழைக்கு வைத்த வாளிகள் மாதிரி என்று வையுங்கள். நிரம்பிய பிறகு எவ்வளவு பெய்தாலும் வழிந்துதான் ஓடும். எந்த வாளியில் கூடுதலாக விழுந்தது என்று அப்புறம் பார்த்துச் சொல்ல முடியாது. படத்திலும் அப்படித்தான், மணலில் பதிந்த கால் தடம், முகிலின் ஓரம் எல்லாம் அந்த வெள்ளைக்குள் போய்விடும். போனில் எடுக்கும்போது திரையில் மணலைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

பிறகு எடிட் செய்து இருட்டாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முழு வெள்ளையான இடம் சாம்பல் நிறமாகுமே தவிர, அந்தக் கால் தடம் திரும்பி வராது.