டெண்டரை ஏற்றுமுன் எடை போடுங்கள்

கேள்வி: ஐயா, 18 மீட்டர் மோட்டார் யாட் (சொகுசுப் படகு) ஒன்றில் தளப் பணியாளாக இருக்கிறேன். பின்னால் ஹைட்ராலிக் பிளாட்பாரம் உண்டு. 400 கிலோ தாங்கும் என்று அதன் தகட்டில் போட்டிருக்கிறது. முதலாளி அதில் ஏற்றிவைக்க ஒரு ஜெட் டெண்டர் (கரைக்குப் போய்வர, தண்ணீரைப் பீய்ச்சி ஓடும் சின்னப் படகு) வாங்கப் பார்க்கிறார். விளம்பரத்தாளில் அதன் எடை 340 கிலோ. "இன்னும் 60 கிலோ மிச்சம் இருக்கிறதே" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அந்த 340 கிலோ காலி டெண்டரின் எடை. காலி டெண்டரை யாரும் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. டாங்கியில் 45 லிட்டர் பெட்ரோல் இருந்தால் அதுவே 33 கிலோ. பாட்டரி 18 கிலோ என்று வையுங்கள் (சில விளம்பரங்களில் இது சேர்ந்திருக்கும், சிலவற்றில் சேராது, கேட்டுக்கொள்ளுங்கள்). நங்கூரம், சங்கிலி, கயிறு 8. உயிர்காப்புச் சட்டை, தீயணைப்பான், துடுப்பு எல்லாம் 12. மேல்உறை 6. டெண்டர் உட்காரும் தாங்குகட்டைகளும் பிளாட்பாரத்தின் மேல்தானே இருக்கின்றன, அவை 30. கூட்டினால் 447 கிலோ. உங்கள் முதலாளியின் 60 கிலோ மிச்சம் 47 கிலோ கடனாகிவிட்டது.

இது துறைமுகத்தில் நிற்கும்போது உள்ள கணக்கு. கடலில் படகின் நடுப்பகுதியைவிட இரண்டு முனைகளும்தான் அதிகமாக ஏறி இறங்கும். அலை பின்பகுதியைத் தூக்கி எறியும்போது அந்த முடுக்கம் புவியீர்ப்பில் பாதி அளவு இருந்தாலே போதும், 447 கிலோ 670 கிலோவைப் போலப் பிளாட்பாரத்தின் கைகளை இழுக்கும். அதனால் தயாரிப்பாளரிடம் இரண்டு எண்களைத் தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள்: தூக்குவதற்கு எவ்வளவு, ஓடும்போது சுமப்பதற்கு எவ்வளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எடை எங்கே உட்காருகிறது என்பதையும் பாருங்கள். டெண்டரின் எடைமையம் படகின் பின்சுவரிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்தால் ஒரு கணக்கு. அதே டெண்டர் 1.2 மீட்டருக்குத் தள்ளி உட்கார்ந்தால் பின்சுவரை முறுக்கும் விசை ஒன்றரை மடங்கு. ஜெட் டெண்டரில் இன்னொரு சிக்கல், எஞ்சின் முழுக்கப் பின்பக்கம். பிளாட்பாரத்தில் குறுக்காக வைத்தால் கனமான பாதி ஒரே கையின் மேல் ஏறும். படகும் அந்தப் பக்கம் சாயும். வாங்குவதற்கு முன், எல்லாச் சாமானோடும் ஒரு தொங்கு தராசில் மாட்டி எடை பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு டெண்டர் பாருங்கள். அவுட்போர்டு எஞ்சின் (பின்சுவரின் வெளியே மாட்டுவது) போட்ட இலகுவான ரிப் டெண்டர் (கெட்டியான அடிப்பகுதியும் சுற்றிலும் காற்றுக் குழாயும் உள்ளது) பெரும்பாலான வேலைக்குப் போதும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, நானே பட்டது. மேட்டாக (கேப்டனுக்கு அடுத்த நிலையில்) இருந்த காலத்தில் ஒரு மாலை, பின்னாலிருந்து வரும் அலையோடு ஓடிக்கொண்டிருந்தோம். டெண்டரின் வடிகால் தக்கையைக் கழற்றாமல் விட்டிருந்தேன். மேல்உறையும் ஓர் ஓரத்தில் அவிழ்ந்திருந்தது. ஓர் அலை பிளாட்பாரத்தின் மேல் ஏறி டெண்டருக்குள் விழுந்தது. உள்ளே இரண்டு மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம். அதில் ஒரு சாண் தண்ணீர் நின்றால் 350 கிலோவுக்கு மேல். பின்பகுதி அமிழ்ந்தது. அமிழ்ந்ததால் அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறியது. எஞ்சின் அறையின் காற்றுத் துவாரங்கள் பின்பக்கம்தான் இருந்தன. அவற்றைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கேப்டன் வேகத்தைக் குறைத்து அணியத்தை (படகின் முன்முனையை) அலைக்கு நேராகத் திருப்பி வைத்த பிறகுதான், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய்த் தக்கையைப் பிடுங்கினேன்.

அன்று முதல் எனக்கு ஒரே வழக்கம். டெண்டர் பிளாட்பாரத்தில் ஏறியதும் தக்கை வெளியே வரும். வந்த தக்கை, டெண்டரின் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றோடு சேர்த்துக் கட்டப்படும். அந்தக் கயிறு இல்லாமல் எஞ்சின் ஓடாது. ஆகவே தக்கையைக் கையில் எடுக்காமல் யாரும் டெண்டரைக் கிளப்ப முடியாது. தண்ணீர் வடிகால் பக்கம் ஓடும்படி தாங்குகட்டையைச் சற்றே சரித்து வையுங்கள்.

கிளம்புமுன் பிளாட்பாரத்தை முழுக்க மேலே ஏற்றி, பூட்டு முளைகளைப் போடுங்கள். இரவு முழுவதும் அந்த எடையை ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே தாங்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ரிப் டெண்டரை மாலையில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் விடியற்காலையில் பட்டைகள் தளர்ந்து கிடக்கின்றன. பட்டையை இறுக்கும் ராட்செட்டில் குறையா?

பதில்: ராட்செட்டைப் பழிக்காதீர்கள், பட்டை போகும் வழியைப் பாருங்கள். காற்றுக் குழாய்களின் மேலே போட்டு இறுக்கியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். குழாயில் 0.25 பார் அழுத்தம் இருக்கும். பகலில் 35 டிகிரி வெயிலில் இருந்தது, இரவில் 20 டிகிரிக்கு வந்தால் அந்த அழுத்தம் 0.19க்கு இறங்கும். கிட்டத்தட்டக் கால்வாசி போய்விட்டது. குழாய் தளர்ந்தால் பட்டையும் தளரும். தளர்ந்த பட்டையில் டெண்டர் அரை அங்குலம் ஆடத் தொடங்கினால், ஒவ்வோர் அலைக்கும் வெடுக்கென்று இழுக்கும். பட்டையை அறுப்பது அந்த வெடுக்குதான்.

பட்டைகளை டெண்டரின் கெட்டியான அடிப்பகுதியில் உள்ள தூக்கு வளையங்களிலிருந்து நேராகக் கீழ்நோக்கி, யாட்டின் வளையங்களுக்கு இழுங்கள். முன்னே இரண்டு, பின்னே இரண்டு. பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு ஜோடியைக் குறுக்காகப் போடுங்கள். குழாயில் ஒட்டியிருக்கும் கைப்பிடிகளில் எதையும் கட்டாதீர்கள், அவை கை பிடிக்க மட்டும். டெண்டரின் எடையும் குழாயில் இறங்காமல் அடிப்பகுதியின் வழியாகத் தாங்குகட்டையில் இறங்க வேண்டும்.

நைலான் வேண்டாம், நீளும். பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். காற்றில் தட்டையான பட்டை படபடவென்று அடித்துத் தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். ஒரு முறுக்குப் போட்டுவிட்டால் அடங்கும். கிளம்பி அரை மணி நேரம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். எல்லாம் தன் இடத்தில் அமர்வது அதற்குள்தான்.

கேள்வி: மேல்தளத்திலிருந்து கிரேனால் 400 கிலோ டெண்டரை இறக்கும்போது எங்கள் 20 டன் யாட் பக்கவாட்டில் சாய்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: சாய்வது இயல்பு. எவ்வளவு சாயும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். டெண்டர் தாங்குகட்டையை விட்டு ஓர் அங்குலம் எழும்பிய கணத்திலேயே, படகின் நிலைப்பைப் பொறுத்தவரை அந்த 400 கிலோவும் கிரேன் கையின் நுனியில் இருப்பதற்குச் சமம். நடுக்கோட்டிலிருந்து 3.5 மீட்டர் வெளியே நீட்டினால், நிலைப்பு உயரம் (படகு சாய்வை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு) ஒரு மீட்டர் உள்ள படகு ஏறக்குறைய 4 டிகிரி சாயும். டாங்கிகள் அரையும் குறையுமாக இருந்து உள்ளே திரவம் ஒரு பக்கம் ஓடினால் இன்னும் கூடும். நீங்கள் பார்ப்பது இதைவிட மிக அதிகமென்றால் நிறுத்திவிட்டு, படகு கட்டியவரிடம் நிலைப்புக் கணக்கைக் கேளுங்கள்.

எனக்குப் பயம் சாய்வில் இல்லை, ஊசலில். நங்கூரத்தில் அமைதியாக நிற்கும்போது இன்னொரு படகின் அலை வந்து தட்டினால், தொங்கும் டெண்டர் மணியின் நாக்குபோல ஆடத் தொடங்கும். அணியத்தில் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, இரண்டையும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளாமல், ஒரு கட்டையில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடியுங்கள். டெண்டருக்குள் ஆள் வேண்டாம், அடியிலும் வேண்டாம். குழந்தைகள் உள்ளறைக்குப் போகட்டும். கிரேனின் கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்து முள்ளாக நிற்பதைக் கண்டால் அன்றைக்குத் தூக்குவதில்லை. முதலாளி கரையில் காத்திருந்தாலும் சரி.

கேள்வி: பின்னால் டெண்டர் ஏற்றிய பிறகு கவனிக்காமல் விடுவது எது?

பதில்: இரண்டு. ஒன்று, பின்விளக்கு. கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி அது பின்பக்கமாக 135 டிகிரிக்குத் தெரிய வேண்டும். உயரமான டெண்டர் அதை மறைத்துவிடும். இருட்டியதும் ஒருவர் வேறொரு படகில் பின்னால் போய்ப் பார்த்து வரட்டும். மறைத்தால் விளக்கை உயர்த்தி மாட்டுங்கள்.

மற்றது, ஏணி. தண்ணீரில் விழுந்தவர் ஏறி வருவதற்கான ஏணி பெரும்பாலும் அந்தப் பிளாட்பாரத்தில்தான் இருக்கிறது. டெண்டர் அதன் மேல் உட்கார்ந்திருந்தால் ஏணியை இறக்க முடிகிறதா என்று, கட்டிய நிலையிலேயே ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இறங்காவிட்டால், பக்கத்திலிருந்து தொங்கவிடும் ஏணி ஒன்றை வாங்கி, ஒரே கையால் எடுக்கக்கூடிய இடத்தில் மாட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.