கேளுங்க தம்பி: கத்தி எப்பண்ணே வீசுவாங்க?

கேள்வி: அண்ணே, லீவு போட்டு வெளியூர் திரைப்பட விழாவுக்குப் போயி 'தி அசாசின்' பார்த்தேன். வாள் சண்டைப் படம்னாங்க. பார்த்தா திரைச்சீலைதான் ஆடுது, கத்தி ஆடவே இல்ல. பக்கத்து சீட்டுக்காரர் குறட்டையே விட்டுட்டாரு. எனக்குப் புரியலையா, இல்ல ஏமாத்துறாங்களா?
- வாசகர், செல்லூர்

பதில்: குறட்டை விட்டவரக் குத்தம் சொல்ல மாட்டேன், நானே முதல் தடவை பாதியில கண்ணசந்த ஆளுதான். ஆனா ஏமாத்து வேலை இல்ல தம்பி. படத்தோட டைரக்டர் ஹௌ சியாவ்-சியென் தைவான்காரரு, 1989லயே வெனிஸ் திரைப்பட விழாவுல பெரிய விருதான தங்கச் சிங்கம் வாங்குனவரு, 2007ல வந்த படத்துக்கு அப்புறம் எட்டு வருசம் கழிச்சு இதக் கொண்டாந்து 2015 கேன்ஸ்ல சிறந்த டைரக்டர் விருதத் தட்டிட்டுப் போயிட்டாரு, சின்ன வயசுல வாள்வீரர் கதையா படிச்சு வளந்த மனுசன், ஆனா கயித்துல தொங்கிக்கிட்டு மூங்கில் மேல பறக்குறதெல்லாம் வேணாம்னுட்டாரு.

கதை என்ன? ஒருத்தனக் கொல்லப் போனவ, கூட அவன் புள்ள இருக்கறதப் பார்த்துட்டு கை வராம திரும்பிடுறா. அதுக்குத் தண்டனையா அவள வளத்த துறவியம்மா, தாய்மாமன் மகனையே வெட்டிட்டு வான்னு ஊருக்கு அனுப்புது. நம்ம ஊரு கணக்குல முறைமாப்பிள்ளை, முன்ன கட்டிக்கிறதாப் பேசி முறிஞ்சுபோன ஆளு! அவன் ஆளுறது அந்தக் காலச் சீனாவுல டாங் வம்ச அரசவைக்கு அடங்காத மாகாணம், பாளையக்காரங்க கப்பம் கட்டமாட்டேன்னு நின்னாங்கள்ல, அந்த மாதிரி. இந்த உறவெல்லாம் டைரக்டர் வாயத் திறந்து சொல்ல மாட்டாரு, அது எனக்கும் கோவந்தான்.

ஆனா நீங்க திட்டுற திரைச்சீலை இருக்கே, அங்கதான் படமே இருக்கு. அந்த முறிஞ்ச கதைய அவன் தன் ஆசைநாயகிகிட்ட சொல்றான், இவ சீலைக்குப் பின்னாடி நின்னு கேக்குறா. பட்டு மறைக்குது, விலகுது, மறுபடி மறைக்குது, நாமளும் அவளோட ஒளிஞ்சு நிக்கிறோம். கத்தி இடுப்புல, ஆளு கைக்கெட்டுற தூரத்துல. எங்க தெரு சிலம்ப வாத்தியார் மாசக்கணக்கா காலடி மட்டும் போடச் சொல்லுவாரு, கம்பு கேட்டா "மொதல்ல நிக்கக் கத்துக்கடா"ம்பாரு. கதாநாயகியா நடிச்ச ஷூ சி நிக்கிறதப் பார்த்தப்ப அவர் ஞாபகந்தான் வந்துச்சு. காட்டுக்குள்ள முகமூடிக்காரியோட மோதுறா பாருங்க, நாலு வீச்சு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு திசையில அங்கிட்டு இங்கிட்டு நடந்துட்டாங்க, யாரு ஜெயிச்சதுன்னு முழிக்கிறப்ப முகமூடி வெட்டுப்பட்டுத் தரையில கெடக்கு.

கேள்வி: இது மதுரை தியேட்டர்ல ஓடுமாண்ணே?
- வாசகி, திருமங்கலம்

பதில்: ஓடாதும்மா. மொத அஞ்சு நிமிசத்துல "ஏய் ஆபரேட்டரு, ஸ்கிரீனச் சரி பண்ணு"ன்னு சத்தம் கெளம்பிரும், ஏன்னா படம் முக்காவாசி பழைய சதுர அளவு, அகலம் 1.37ன்னா உயரம் 1. தங்கம் தியேட்டர் 1952ல தொறந்தப்ப பராசக்தி ஓடுச்சே, அதுவும் அந்தச் சதுரந்தான், அப்ப யாரும் ஆபரேட்டரத் திட்டல.