கொதிக்கிற தண்ணில இருந்தா சாப்பாடு வேணாமா?

கேள்வி: வெந்நீர் ஊற்றுல வாழுற ஆர்க்கியாங்கிற ஒத்தை செல் உயிருக்குச் சுத்தி அவ்ளோ சூடு இருக்கே, அதையே எனர்ஜியா எடுத்துக்காம எதுக்கு சர்க்கரையை உடைக்கணும்? உடைச்சாலும் நம்ம செல்லுல நடக்குற அதே கிளைகாலிசிஸ்தானே, என்சைம் மட்டும் சூடு தாங்கும், சரியா?
- வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை, ரெண்டுமே.

உள்ளயும் 100 டிகிரி, வெளியயும் 100 டிகிரின்னா சூடு எங்கேர்ந்து எங்க பாயும்? வித்தியாசம் இருந்தாத்தான் சூட்டை வச்சு வேலை வாங்க முடியும், அந்தக் குட்டி செல்லுக்குள்ள அதுக்கு வழியே இல்ல, அதனால அதுவும் சாப்பிட்டுத்தான் ஆகணும்.

இத்தாலியோட வல்கேனோ தீவுல, கடலோர மண்ணுலேர்ந்து எடுத்து ஃபியாலா, ஸ்டெட்டர்ங்கிற ஆராய்ச்சியாளர்கள் 1986ல பேர் வச்ச பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ்ங்கிற ஆர்க்கியாவையே பாருங்க. ஆக்சிஜன் ஆகாது, மால்டோஸ், ஸ்டார்ச்னு போட்டா ஜோரா வளரும். குளுக்கோஸ்ல பாஸ்பேட்டை ஒட்டுற முதல் ஸ்டெப்புக்கு நம்ம செல் அதோட எனர்ஜி காசு மாதிரியான அடினோசின் ட்ரைபாஸ்பேட்டை (ATP) செலவழிக்குது, இது ஒரு பாஸ்பேட் கம்மியான டைபாஸ்பேட்டைச் செலவழிக்குது, 1994ல நெதர்லாந்துல வாகனிங்கன் பல்கலைக்கழக ஆளுங்க கண்டுபிடிச்சது இது. உடனே சூட்டுக்காகத்தான் இந்த ஏற்பாடுன்னு கிளம்பிடாதீங்க, அந்த மாதிரி என்சைம் மனுஷ உடம்புலயும் இருக்கு.

நடுவுல வர்ற ஸ்டெப்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. குளுக்கோஸ் உடைஞ்சு வர்ற கிளிசரால்டிஹைட் பாஸ்பேட்டை நாம ரெண்டு ஸ்டெப்ல மாத்துறோம், இடையில வர்ற பொருள் சூட்டுல சீக்கிரம் சிதைஞ்சு போற ரகம், அந்த வழில ட்ரைபாஸ்பேட்டும் கிடைக்கும். பைரோகாக்கஸ் அந்தப் பொருளை உண்டாக்காமலே ஒரே தாவல்ல தாண்டிடுது, அதைச் செய்யற என்சைமுக்குள்ள உக்காந்திருக்குறது டங்ஸ்டன், ஆமாங்க, குண்டு பல்புக்குள்ள எரியுற கம்பி இருக்கே அதே உலோகம்தான். ஆனா ஓசியில இல்ல, அந்த எடத்து ட்ரைபாஸ்பேட் போச்சு, கிளைகாலிசிஸ் முடிவுல வர்ற பைருவேட் வரைக்கும் வரவு செலவு பார்த்தா நமக்கு ரெண்டு ட்ரைபாஸ்பேட் மிஞ்சும், அதுக்கு ஏறக்குறைய ஒண்ணும் மிஞ்சாது.

அப்புறம் எப்படிப் பொழைக்குது? பைருவேட்டை அசிட்டேட் வரைக்கும் கொண்டு போய் அந்தக் கடைசி ஸ்டெப்புல ட்ரைபாஸ்பேட் எடுத்துக்குது. வழியில பிடுங்கின எலக்ட்ரானை ஃபெரடாக்சின்ங்கிற புரதம் தூக்கிட்டுப் போய், செல்லைச் சுத்தி இருக்குற மெம்பரேன்ல உள்ள ஹைட்ரஜனேஸ்ங்கிற என்சைம்கிட்ட குடுக்கும், அது ஹைட்ரஜன் வாயுவை வெளிய விட்டுக்கிட்டே அயனிகளையும் (மின்னேற்றம் உள்ள துகள்கள்) வெளிய தள்ளும், அந்த அயனிகள் திரும்ப உள்ள வரும்போது இன்னும் கொஞ்சம் ட்ரைபாஸ்பேட்.

இதையும் எல்லா ஆர்க்கியாவுக்கும் பொதுன்னு எடுத்துக்காதீங்க. அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் ஆசிட் ஊற்றுல நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் தாமஸ் ப்ராக் கண்டெடுத்த சல்ஃபோலோபஸ்ங்கிற ஆர்க்கியா ஆக்சிஜனை வச்சுப் பொழைக்குது, அது சர்க்கரையை உடைக்கிறது என்ட்னர்-டௌடொராஃப்ங்கிற வேற ரூட்ல.